காசிநாதன் கையில் தடவிய எண்ணெய்

நைனார்பாளையம் கீழத்தெருவில் குடியிருக்கும் வீரமுத்து, வயது சுமார் அறுபது, கரும்பு வெட்டு மேஸ்திரி, காவல் நிலையத்தில் ஆஜராகி, "வணக்கம் சார், சாப்டாச்சுங்களா, வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுச் சொன்னதாவது:

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. காசிநாதன் என் தங்கை மகன், என் ஆட்களோடு கரும்பு வெட்டுபவன். சென்ற வருஷம் அறிவுச்செல்வன் என்பவரின் டிராக்டர் கவிழ்ந்ததில் அவன் வலது முழங்கை நசுங்கி, நரம்பு அறுந்து, அதற்குக் கீழே கை செத்துப்போனது. அது சம்பந்தமாக நஷ்டஈடு கேட்டு அவர் மேல் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

அதன் பிறகு புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதாக தேவிப்ரியா என்ற டாக்டரம்மா கூப்பிட்டதின் பேரில் இருவரும் பட்டணம் போனோம். வழியில் தியாகதுருகத்தில் பஸ் நின்றுவிட்டதால் டீ குடித்தோம். அந்த டீயைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, வேண்டாமென்று ஏட்டய்யா சொல்வதால் விடுகிறேன்.

டாக்டரம்மா அவன் கையில் வெங்காயத் தோல் கனத்தில் ஒரு கறுப்பு ஜவ்வை ஒட்டி, சின்ன பேட்டரி ஒன்றை மாட்டினார். ஜவ்வுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் உண்டென்றும், அவற்றில் உப்புத் தண்ணீர் ஊறியிருந்தால் அறுந்த நரம்பு சொல்ல வேண்டியதை ஜவ்வே விரலுக்குச் சொல்லும் என்றும் சொன்னார். அதன் பிறகு மடக்க நினைக்கச் சொன்னார். சுண்டுவிரல் மெல்ல மடங்கியது. காசிநாதன் விரலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மாமா, நீயா புடிச்சி மடக்குன?" என்று கேட்டான். நான் கைகளைப் பின்னால் கட்டியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அதன் பிறகு நாளடைவில் மற்ற விரல்களும் மடங்கிக் கத்தி பிடிக்க வரவே, முந்தாநாள், டாக்டரம்மா தடுத்தும் கேட்காமல், ஜவ்வோடு வெட்டுக்கு வந்தான். கரும்புத் தோகையின் சுணை அரிக்கும் என்பதால் நாங்கள் கையில் வேப்பெண்ணெய் பூசிக்கொள்வது வழக்கம். மதியம் அரிப்பு ஜாஸ்தியாகி, பழக்க தோஷத்தில் அவன் ஜவ்வின் மேலும் சேர்த்துப் பூசிக்கொண்டான். சற்று நேரத்தில் கத்தி நழுவி, கை தொங்கிவிட்டது. அந்நேரம் பார்த்து அறிவுச்செல்வன் வரப்பில் வந்தார். காலையில் அவன் வெட்டியதைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தவர், "என்னப் பாத்ததும் கையத் தொங்கப் போட்டுக்கினு இன்னாடா நடிப்பு? சினிமாவுக்குப் போ" என்றார். கோர்ட்டை ஏமாற்றுகிறான் என்று புகாரும் கொடுத்தார். அதை நம்பினால் அவனுக்கு ஜெயில்தான்.

அதன் பிறகு போனில் கேட்டதற்கு, எண்ணெய் பொத்தல்களை அடைத்திருக்கும், தான் கொடுத்த மருந்துத் தண்ணீரில் துடைத்துவிட்டு உப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டும், ஆனாலும் கைக்கு அசைவு திரும்பும் என்று உறுதியில்லை என்றார் டாக்டரம்மா. அதன்படி இப்போது ஸ்டேஷன் குழாயடியில் அவன் மனைவி கலையரசி துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஏமாற்றினால் தெரிந்துவிடும் என்று அறிவுச்செல்வனே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காசிநாதனுக்கு நடிக்கத் தெரியாது ஐயா, ஒரு தடவை தெருக்கூத்தில் வேஷம் கொடுத்ததற்கு அவன்

(இவ்விடத்தில் வெளியிலிருந்து "மாமா, ஓடியா" என்று காசிநாதனின் குரல் கேட்டு, சாட்சி பாதிப் பேச்சில் எழுந்து ஓடினார். பின்னால் சென்று நானும் பார்த்தேன். காசிநாதனின் விரல்கள் புகார்தாரரின் கையைப் பற்றியிருந்தன. புகார்தாரர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஜில்லுன்னு செத்துக் கெடந்துச்சு சார். என் கைக்குள்ளதான் உசிரு வந்துச்சு. இதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதினேன். சாட்சி திரும்பி வராததால் கைரேகை பெறவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியும், நான் கண்டதைக் கண்டபடியும் பதிவு செய்துள்ளேன்.

ஒப்பம்: பழனி, தலைமைக் காவலர்)