மோட்டார் ரப்பர் ஒட்டின ஜன்னல்

ஹலோ... ஹலோ... ஆமா, வீடுதான்... ஜூலியானாதான் பேசறேன்... யாரு, கம்பெனிக் கணக்கெல்லாம் எழுதற பெரிய கிராணி இராயப்பன் அவர்களா? என்ன அதிசயம் அண்ணே! கம்பெனி குடுத்த டெலிபோன்ல கப்பல் சேதியத் தவிர வேற எதுவும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டவரே கூப்பிடறீங்களே... ஆமா... ஆமா, ஒடைச்சேன்... மாடி ஜன்னலுதான்... ரெண்டு கண்ணாடியும்... ஒலக்கையாலதான், வேற எதால?

யாரு சொன்னா?... செபாஸ்டியனா? அதானே பாத்தேன். பக்கத்து வீட்டு மாடியில நின்னு வாயப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பாத்தாரு. ஓடி வந்து ஒரு கை புடிக்கலாம்ல? அதுக்குக் காலு வரல. ஒங்க ஆபீசு வரைக்கும் சைக்கிள் மிதிச்சு வத்தி வைக்க மட்டும் காலு வந்துச்சு... என்ன?... ஒங்க தங்கச்சிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னாரா?... சரி... சரி... சொல்லட்டும்.

இல்லண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கூப்பிட்டதுலேருந்து நீங்க கண்ணாடி எத்தனைன்னு கேட்டீங்க. சட்டம் பொளந்துச்சான்னு கேட்டீங்க. ரப்பர் கிழிஞ்சுச்சான்னு கேட்டீங்க. அந்த ரூமுக்குள்ள பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி படுத்திருந்தாங்க. பக்கத்துல ஒம்பது நாளுப் புள்ள ஒண்ணு. அவங்க ஒடைஞ்சாங்களா இல்லையான்னு இன்னும் கேக்கலயே நீங்க?...

ம்... இப்ப கேக்கறீங்க... இருக்காங்க... ரெண்டு பேரும் இருக்காங்கண்ணே, பதறாதீங்க. அண்ணி கஞ்சி குடிச்சாங்க, தலை மட்டும் இன்னும் சுத்துதாம். புள்ள கத்துது, கேக்குதா?... கேக்குதா?... நல்லா கத்தட்டும், இன்னைக்கு முழுக்கக் கத்தட்டும். அந்தச் சத்தம் வர்றதுக்குள்ள எனக்கு உசுரு பாதி போயிருச்சு... டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு... ஒண்ணும் பயமில்லன்னாரு. இனிமே பயமில்லன்னாரு.

ஏன் ஒங்களக் கூப்பிடலயா? கூப்பிட்டேன்! ரெண்டு தரம் கூப்பிட்டேன். பெரிய கிராணி இப்ப துரையோட ரூமுல இருக்காரு, வேலை நேரத்துல வீட்டுப் பேச்சுக்கு வரமாட்டாரு, அது அவரே போட்ட உத்தரவுன்னு ஒரு பையன் இங்கிலீசுல சொல்லி வச்சிட்டான். நல்லா பழக்கியிருக்கீங்க. சம்பளம் கூட்டிக் குடுங்க அவனுக்கு.

சொல்றேன், மொதல்லேருந்து சொல்றேன், குறுக்கப் பேசாதீங்க. அந்தப் பழைய ஜன்னலு காத்தடிச்சா விசில் அடிச்சுச்சு, ஒத்துக்கறேன். நமக்கு முந்தி இருந்த கேப்டன் துரை ஜன்னல் ஓரமெல்லாம் அடிச்சு வச்ச கம்பளிப் பட்டை, கரப்பான் தின்னு நூல் நூலா தொங்கிச்சு. மழைச் சாரல் நேரா கட்டில்ல வந்து விழுந்துச்சு. அதை மாத்தணும்னு சொன்னதே நான்தான்... ஆமா, நான்தான் சொன்னேன், மறுக்கல! நான் சொன்னது கம்பளி அண்ணே. ரெண்டு கெஜம் கம்பளி, ஒரு கை ஆணி. அரை நாளு வேலை. நீங்க என்ன பண்ணீங்க? சூலியா தெருவுக்குப் போயி, ஹனீபா கடையில, மோட்டார் கதவுக்கு ஒட்டற ரப்பரச் சுருள் சுருளா வாங்கியாந்தீங்க. ஊருல ரப்பர் சீந்துவாரில்லாம கெடக்குதுன்னா, எல்லாத்தையும் நம்ம வீட்டு ஜன்னல்லதான் ஒட்டணுமா?

ரெண்டு ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூட வராம, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஒட்டினீங்களே... ஆமா, நேர்த்தியாத்தான் ஒட்டினீங்க, யாரு இல்லன்னா? மேல காத்து வர்ற ஓட்டையெல்லாம் பசை தடவி நியூஸ் பேப்பர். கதவுக்கு அடியில கோணிச்சாக்கு. எறும்புகூட பாஸ் வாங்கிட்டுத்தான் உள்ள போவணும். அது புள்ள பெத்தவ படுக்கற ரூமா, இல்ல கப்பல்ல சரக்கு அடைக்கற எடமா?

அத்தோட விட்டீங்களா? ஆபீசுலேருந்து டைப் அடிச்சுக் கொண்டாந்து கதவுல ஒட்டினீங்க, சர்க்குலரு. எந்தக் காரணத்தை முன்னிட்டும் ஜன்னலைத் திறக்கலாகாது. கீழ ஒங்க கையெழுத்து. படிச்சோம்னு அண்ணி கையெழுத்து, என் கையெழுத்து. மீனாட்சிக்கு எழுதத் தெரியாதுன்னு மசி தடவிக் கைநாட்டு. சமையக்காரிகிட்ட ஜன்னலுக்குக் கைநாட்டு வாங்கின வீடு பினாங்குலயே நம்ம வீடு ஒண்ணுதான்லா.

சிரிக்கல அண்ணே, நான் சிரிக்கல. சிரிப்பு வந்தா நல்லாயிருக்கும்.

கேளுங்க. காலையில மருத்துவச்சி ஹமீதாக்கா வந்தாங்க. அண்ணிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, கட்டிலுக்கடியில கரி நெருப்பு வச்சு, சாம்பிராணி போட்டாங்க. எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே, நம்ம அம்மாவுக்கும் செஞ்சதுதானே... இல்ல... இல்லண்ணே, அவங்க மேல பழியப் போடாதீங்க! ஒரு ஜன்னலக் கொஞ்சம் தெறந்து வைங்கன்னு தமிழ்லயும் சொன்னாங்க, மலாய்லயும் சொன்னாங்க. ஒங்க பொண்டாட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? வேணாம், அவரு சத்தம் போடுவாருன்னாங்க. ஹமீதாக்கா கதவையாவது தெறந்து போட்டுட்டுப் போனாங்க. அண்ணி எந்திரிச்சு அதையும் சாத்திட்டு, சாக்கைக் காலால தள்ளி வச்சுட்டுப் படுத்துட்டாங்க. ஒங்களுக்கு அம்புட்டுப் பயம்.

நான் கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டிருக்கேன். மீனாட்சி கஞ்சிய எடுத்துட்டு மேல போனா. தட்டினா, பதில் இல்ல. கதவுக்கு அடியிலேருந்து புகை வருது. உள்ள போனாளா? போகல! ஓடி வந்து என்கிட்ட நிக்கறா. ஜன்னலத் தெறக்கலாமாக்கா, நான் கைநாட்டு வச்சிருக்கேனேக்கா, அப்புறம் ஐயா போலீசுல புடிச்சுக் குடுத்துருவாரேக்கான்னு அழுவறா. அங்க ரெண்டு உசுரு போய்க்கிட்டிருக்கு, இங்க இவ உத்தரவு கேக்கறா. வீட்டையும் ஆபீசா ஆக்கிட்டீங்க, நல்லாயிருக்குலா.

கதவ மோதித் தள்ளினேன். உள்ள ஒண்ணும் தெரியல, ஒரே புகை. புள்ளையத் தூக்கி மீனாட்சி கையில குடுத்தேன். அண்ணிய இழுத்தேன், வரல. துணி மூட்டை கணக்கா கெடந்தாங்க. சரி, ஜன்னலத் தெறப்போம்னு போனா, அசையுதா? வெயில்ல ரப்பர் பெயிண்டோட பெயிண்டா ஒட்டிக்கிச்சு. தள்ளினேன், குத்தினேன், தோளால இடிச்சேன். ஒங்க கைவேலை அம்புட்டு உறுதி, மெச்சிக்கறேன். அப்புறந்தான் ஒலக்கை எடுத்தேன்... ஆமா, கையில வெட்டுதான். பரவால்ல, கட்டுப் போட்டாச்சு.

காத்து உள்ள வந்ததும் அண்ணிக்கு இருமல் வந்துருச்சு. புள்ளதான் அண்ணே... புள்ள தொவண்டு போச்சு. சத்தமே இல்ல. ஒதடு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஞானஸ்நானம் ஞாயித்துக்கிழமைதான்னு நீங்க நாளு குறிச்சு வச்சிருக்கீங்க, அதுவரைக்கும் அது காத்திருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூஜாத் தண்ணிய எடுத்து, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து சொல்லி நானே மூணு தரம் தலையில ஊத்தினேன்... ஆமா, நான்தான்... ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம், ஞாபகம் இல்லையா? மூணாந்தரம் ஊத்தும்போது வீல்னு கத்துச்சு. சேசுவே, அப்படியே படியில உக்காந்துட்டேன்.



பேரா?... பேரு வைக்காம எப்படி ஞானஸ்நானம்? ரோசம்மான்னு வச்சேன். அம்மா பேரு... ஆமா, தெரியும்... தெரியும்ணே, துரைசாணி பேரு நோர்மா, அந்தப் பேரை வைக்கறேன்னு துரைகிட்ட வாக்குக் குடுத்துட்டீங்க, அவங்களும் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலுக்கு வராங்க. வரட்டும், கேக்கு சாப்பிட்டுட்டுப் போகட்டும். சாமியார்கிட்ட ஆளு விட்டுக் கேட்டாச்சு. ஊத்தினது ஊத்தினதுதானாம், மறுபடி ஊத்த முடியாதாம். ஞாயித்துக்கிழமை எண்ணெய் பூசற சடங்கு மட்டுந்தான் பாக்கி. நோர்மான்னு கூப்பிட்டே ஆவணும்னா ஒரு பூனை வளத்துக்குங்க.

என்ன?... திரும்பச் சொல்லுங்க... சாயந்திரத்துக்குள்ள ஆசாரிய வரச் சொல்லணுமா? எதுக்கு?... பலகை வச்சு அடைக்கவா?... அண்ணே, நான் இவ்வளவு நேரம் யாருகிட்ட பேசினேன்? டெலிபோன் கம்பிகிட்டயா?... கரி நெருப்பு வைக்காம ஜன்னல மட்டும் அடைக்கறதா?... டாக்டர் காத்து வேணும்னாரு! காத்து! வாயைத் தெறந்து, இங்கிலீசுலயே சொன்னாரு!... ஒங்க வீடுதான். யாரு இல்லன்னா? ஒங்க ஜன்னலு, ஒங்க கண்ணாடி, ஒங்க ரப்பரு...

ம்...

ம்... தெரியும்... எனக்குத் தெரியாதா அண்ணே? நானுந்தான் அவன மடியில வச்சிருந்தேன்... இல்ல, மறக்கல. யாரு மறந்தா? ஒங்க மூத்த புள்ள ஆரோக்கியநாதன யாரு மறப்பா? ஒரு வயசு, எட்டு மாசம்... அண்ணே... அழாதீங்க, ஆபீசுல பையனுங்க பாக்கறானுங்க... 

சரி, நில்லுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல். நீங்க ஜன்னலச் சரியாச் சாத்தாம ஆபீசுக்குப் போயிட்டீங்க, மத்தியானம் பொயலடிச்சுச்சு, காத்து புள்ள நெஞ்சுல எறங்கிச் சன்னி கண்டுருச்சு. நீங்கதான் அவனக் கொன்னுட்டீங்க. அப்படித்தானே மூணு வருசமா நெனச்சுக்கிட்டிருக்கீங்க?... 

நீங்க சாத்திட்டுத்தான் போனீங்க... சாத்தினீங்கண்ணே. கொக்கியும் போட்டுட்டுத்தான் போனீங்க. எனக்கு எப்படித் தெரியும்னா... தெறந்தது நான்.

... நான்தான். அண்ணி தூங்கிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாது. புள்ளைக்கு வேர்த்துக் கொட்டிச்சு, மூச்சுக்குத் தவிச்சான். ஒரு கதவ மட்டும் தெறந்தேன். காத்து பட்டதும் கொஞ்சம் சிரிச்சான். அப்புறம் பொயல் வந்துச்சு, ஓடி வந்து சாத்தினேன்... அரை மணி நேரம் இருக்கும்... ஆமா... இல்லண்ணே, டாக்டர் அப்பவே சொன்னாரு, காத்தால வந்ததில்ல, மூணு நாளாவே நெஞ்சு கட்டியிருக்குன்னு. நீங்கதான் காதுல வாங்கல. எங்க பாத்தாலும் ஜன்னல், எப்ப பாத்தாலும் காத்து.

ஏன் சொல்லல... பயம்! வேற என்ன? புருசன் செத்து, ஒரு பெட்டியோட ஒங்க வீட்டுக்கு வந்து அப்ப ஆறு மாசங்கூட ஆகல. போன்னு சொல்லிட்டீங்கன்னா நான் எங்க போவேன்? நீங்க ஒங்களையே குத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க, நானும் பாத்துக்கிட்டு, வாயத் தெறக்காம, ஒங்க சோத்தைத் தின்னுக்கிட்டிருந்தேன். ஒங்க ரப்பரு, ஒங்க சர்க்குலருன்னு கிண்டல் பண்றேனே... அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா நீங்க அந்தக் கடைப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. இன்னைக்குப் புகைக்குள்ள அண்ணி மொகத்தப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் தோணல, இது நான் பண்ணினதுன்னுதான் தோணுச்சு.

... அண்ணே?... 

திட்டறதா இருந்தாலும் திட்டுங்க...

ம்... 

சரி. போகச் சொல்றீங்க, போறேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல சடங்கு முடியட்டும், நான் பெட்டியக் கட்டிக்கறேன். அதுக்கு மறுபேச்சு பேச மாட்டேன். ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் அந்த ஜன்னலு தெறந்துதான் கெடக்கும். ஆசாரிய அனுப்பினீங்கன்னா படியிலயே திருப்பி அனுப்புவேன். நீங்களே சுத்தியல் எடுத்துட்டு வந்தாலும் என்னத் தாண்டித்தான் போவணும். கேட்டுச்சா?... ஹலோ?... கேட்டுச்சாண்ணே?...

ஹலோ... ஹலோ...

... வச்சிட்டாரு மீனாட்சி... என்ன சொன்னாரா? அத அப்புறம் சொல்றேன். நீ ஏன் நிக்கற, கூடத்து நாற்காலியத் தூக்கிட்டு மாடிக்கு வா. ஜன்னலுக்கு நேராப் போடு.