ஐந்து மணிக்குப் பச்சை விளக்கு

இல்லை மேடம், கயாக்கில் ஏறி உட்காருவது என்று சொல்ல முடியாது, அதைப் போட்டுக்கொள்வது என்றுதான் சொல்ல வேண்டும், கால்சட்டை மாதிரி. கால்களை உள்ளே நீட்டி, இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடையை மாட்டி, அதன் ஓரத்தைப் படகின் விளிம்பில் இழுத்துப் பொருத்திவிட்டால், இடுப்புக்குக் கீழே நீங்கள் படகு, மேலே மட்டும்தான் மனுஷி. முதல் நாள் இது புரிந்தபோது எனக்கு வந்த சிரிப்பு, கரை கண்ணுக்கு மறைந்த பிறகும் நிற்கவில்லை. நீங்களும் ஒரு தடவை போய் வாருங்கள். இந்த மேசையில் இருக்கிற காகிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு வாரம் கட்டாயம் தேவை.

சரி, வரிசையாகவே சொல்கிறேன். நாங்கள் நாலு பேர். நான், அக்கா, அத்தான், வழிகாட்டி. ஏழு நாள், ஏழு தீவு, எதிலும் ஆள் கிடையாது. பகலில் துடுப்பு, மாலையில் கூடாரம்.

அத்தான் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கூட்டிப் போகலாம் என்று சொன்னதே அவர்தான். அவருக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. “இன்னும் ரெண்டு மாசத்துல நாங்க கிளம்பிடுவோம், அப்புறம் எப்பப் பார்க்கிறது. அவளும் வரட்டுமே” என்றாராம். இதை அக்கா வந்து சொன்னாள், தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்றபடி.

சலவைக் கடைக்கு மேலே எங்கள் வீடு. இஸ்திரிச் சூட்டில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா அப்பா போன பிறகு அங்கே நானும் அக்காவும்தான், ஒரே அறை, இரண்டு கட்டில். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை வருவாள், இருபது நிமிஷம் இருப்பாள். குறை சொல்லவில்லை. இருபது நிமிஷம் என்பது கொஞ்ச நேரம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் வழிகாட்டி அக்காவையும் அத்தானையும் ஒரே படகில் ஏற்றினார். இருவர் போகிற கயாக். முன்னால் இருப்பவர் வேகத்தைப் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர் காலால் சுக்கானைத் திருப்ப வேண்டும். அவர்கள் இருவரும் வேகத்தையும் பார்த்தார்கள், திசையையும் சொன்னார்கள். படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றியது. வழிகாட்டி கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“புருஷன் பொண்டாட்டிய ஒரே படகுல போட்டா அது தீவுக்குப் போகாது சார், கோர்ட்டுக்குத்தான் போகும். நீங்க என்கூட வாங்க. தங்கச்சி, நீ அக்காகூட ஏறும்மா.”

அப்படித்தான் ஏழு நாளைக்கு அக்கா எனக்குக் கிடைத்தாள், பின்னலும் முதுகுமாக, இரண்டு முழ தூரத்தில். அவள் வலது கை இறங்கும்போது என் வலது கை இறங்கும். சொல்லிவைத்ததில்லை. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் மூச்சுக்கூட இப்படித்தான் சேர்ந்து வரும். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் எங்கள் நிழலும் கூடவே துடுப்புப் போட்டது. இரண்டாம் நாள் ஒரு மீன் பறந்து வந்து அக்காவின் ரப்பர் பாவாடையில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் நாங்கள் கவிழ்ந்திருப்போம். அப்புறம் அதைக் கையில் எடுத்து, “வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடறீங்களா” என்று கேட்டுவிட்டுக் கடலில் விட்டாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. “ஏய் வாலு, சுக்கானைப் பிடிடி” என்று அவளும் சிரித்தாள். அவள் என்னை வாலு என்று கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சிக்னல் மெஷின் பற்றிக் கேட்டீர்கள். அது அவர்கள் கம்பெனி வழக்கம், மேடம். மெஷினை வழிகாட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு ஒருவர் மெஷினோடு கவிழ்ந்துபோய், மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்களாம். அதனால் பயணிகளில் யார் பொறுப்பானவரோ அவரிடம் கொடுப்பார்கள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் ஆவண அறையில் வேலை செய்கிறேன். பதினோரு வருஷமாக ஒரு கோப்பு இடம் மாறியதில்லை. அக்கா இதைப் பெருமையாகச் சொன்னதும் வழிகாட்டி அதை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“இதுல பேச முடியாது, கேட்கவும் முடியாது. ஒரே பொத்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறைப்பு இல்லாத இடத்துல நின்னு அமுக்கு. பச்சை விளக்கு மூணு தடவை மின்னும். எல்லாரும் நல்லா இருக்கோம்னு ஆபீசுக்குப் போயிடும். அமுக்கலைன்னு வை, ஏதோ சரியில்லைன்னு மறுநாள் காலைல மோட்டார் படகு வந்து நிக்கும்.”

நல்ல ஏற்பாடு. யாரும் கத்த வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் மதியம் காற்று நாங்கள் போகிற பக்கமே அடித்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு மிதந்தோம். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்து, “இப்படியே இருந்துடலாம் போல இருக்குடி” என்றாள். நான் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை இறங்கும்போது அத்தான் வழுக்கி, பவளப்பாறையில் முழங்காலுக்குக் கீழே சிராய்த்துக்கொண்டார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். “பல்லு இல்லாத இடத்துல வர்ற காயம் என் டிபார்ட்மெண்ட் இல்லை” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நாலாம் நாள் அடுத்த தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் வீங்கிக் கறுத்திருந்தது, உடம்பு கொதித்தது. வழிகாட்டி பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

“இன்னைக்கு அமுக்காதே தங்கச்சி. காலைல பத்து மணிக்குள்ள படகு வந்துடும், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

சரி என்றேன். ஐந்து மணிக்குத் தீவின் கோடியில் இருந்த பாறைக்குப் போனேன். எந்தத் தீவிலும் அந்த நேரத்துக்கு இப்படி ஒரு இடத்தில் போய்த்தான் நிற்பேன் என்பதால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. பழக்கத்தில் கை பட்டுவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம், நீங்களும் நம்பக்கூடும். ஆனால் அது சரியான பதிவு ஆகாது. படகு வந்தால் மூன்று நாள் போய்விடும், அதைத்தான் யோசித்தேன். ஏழில் மூன்று. அமுக்கினேன். விளக்கு மூன்று தடவை மின்னியது. மனசு பட்டம் மாதிரி மேலே போனது. திரும்பி வரும் வழியெல்லாம் மணலில் ஒற்றைக் காலில் தாவிக்கொண்டே வந்தேன்.

ஐந்தாம் நாள் படகு வரவில்லை. அலை பெரிதாக இருக்கும், மதியம் வருவார்கள் என்றார் வழிகாட்டி. கம்பெனி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, பாவம். கடல் பழகாத இரண்டு பெண்களையும் நோயாளியையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. நானும் அக்காவும் மாற்றி மாற்றி ஈரத்துணி போட்டோம். கை கோத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனோம். நடுவே அவள் என் தோளில் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கினாள். எனக்குத் தோள் மரத்துப்போனது, அசையவே இல்லை. சாயங்காலம் வழிகாட்டி, “நேத்து நீ அமுக்கலைதானே” என்று கேட்டார். “நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க” என்றேன். அதில் பொய் இல்லை. பிறகு பாறைக்குப் போய் அமுக்கினேன்.

ஆறாம் நாள் விடியும்போது அவர் விதியை மீறித் தனியாகக் கிளம்பினார், ஆள் இருக்கிற கரைக்குப் பகல் முழுக்கத் துடுப்புப் போட வேண்டும். அத்தானுக்கு அப்போது நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “வாயை நல்லாத் திற, பயப்படாதே, வலிக்காது” என்றார். நான் திறந்து காட்டினேன். “நல்ல பல்லு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. மாலை மூன்றரைக்கு மூச்சு நின்றது. அக்கா அழுதாள். அழுது ஓய்ந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டேன். மறுநாள் வழிகாட்டி மோட்டார் படகோடு வரும்வரை நாங்கள் இரண்டு பேர், கடல், வேறு ஒன்றுமில்லை.

உங்கள் காகிதத்தில் ஆறு பதிவு இருக்கும், ஆறும் ஐந்து மணிக்கு. மூன்றரைக்கு ஒருவர் போய்விட்ட பிறகு எல்லோரும் நலம் என்று வந்த கடைசிப் பதிவைப் பார்த்து அந்தக் கம்பெனிக்காரர்கள் குழம்பியிருப்பார்கள். அன்றைக்கு நான் பாறைக்குப் போகவில்லை. அக்கா அசந்துவிட்டாள், எழுப்ப மனம் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, அவள் தலைக்கு மேலே கையை நீட்டி அமுக்கினேன். மூன்று தடவையும் சுத்தமாக மின்னியது. என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான ஒரு சாயங்காலம் இல்லை.

அமுக்கக் கூடாது என்று சொன்ன பிறகு மூன்று நாள் அமுக்கியது நான்தான், அத்தான் செத்ததும் அதனால்தான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் கதவுக் கண்ணாடியில் தெரிகிறது. வெளிநாட்டுப் பயணம் இனி இல்லை, அந்த வீட்டில் அவளால் தனியாக இருக்கவும் முடியாது. எங்கள் அறையில் அவள் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, போனதும் விரிப்பை மட்டும் மாற்ற வேண்டும். இதோ, பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறாள், எழுந்து போய்விடப் போகிறாள். ஒரு பத்து நிமிஷம், நான் வருகிற வரைக்கும் இருக்கச் சொல்கிறீர்களா, மேடம்?