தலைவர் இல்லாத கூட்டம்

— தந்தி வந்துச்சுன்னு சொன்னே, பாதியில நிறுத்திட்டே. பொறவு என்ன ஆச்சு? சொல்லுளா கிளாடிஸ்!

— செத்த மூச்சு விட விடுளா ஜெபகனி. காலேஜ் ஹால்ல இருந்து ஹாஸ்டல் பின்பக்கம் வர ஒரே ஓட்டமா வந்திருக்கேன். சேசுவே, ஒன் மூஞ்சியப் பாரு! நேத்து இதுல பாதி கொப்புளந்தான் இருந்துச்சு.

— என் மூஞ்சி கெடக்கட்டும். மத்தியானத்துல இருந்து இந்தச் சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். காத்து அங்கோட்டு அடிக்கு. கைத்தட்டு மட்டும் வந்துச்சு, பேச்சு ஒண்ணும் வெளங்கல. லீவுல இருந்து நாயா அலைஞ்சு ஏற்பாடு பண்ணுன கூட்டம். அதுக்குன்னு பாத்து எனக்கு அம்மை போடுது. நீயாவது ஒழுங்காச் சொல்லு.

— சொல்லத்தான வந்திருக்கேன்.

— யாரு அது சன்னல்ல? கிளாடிஸா? ஏ பிள்ள, அம்மை போட்டவகிட்ட என்ன பேச்சு? தள்ளிப் போ அங்கோட்டு!

— எனக்குச் சின்னதுலயே போட்டு எறங்கிட்டு, மேட்ரன். ஒட்டாது. மதர்தான் என்னைய அனுப்புனாவ.

— மதரா? பிரின்சிபால் மதரா அனுப்புனாவ? ஆமா, இங்க விக்டோரியான்னு ஒரு மேட்ரன் இருக்கது யாருக்கு நெனப்பிருக்கு. நில்லு, நின்னு தொல. கைய மட்டும் உள்ள நீட்டாத. நான் இவளுக்கு இளநி வெட்டச் சொல்லிட்டு வாரேன்.

— போயிட்டாவளா?

— போயிட்டாவ. தந்திக்கு வா.

— தந்தி சாப்பாட்டு நேரத்துக்கு வந்துச்சு. தலைமை தாங்க மெட்ராஸ்ல இருந்து ஒரு புரொபசர் வாராருன்னு நோட்டீஸ் அடிச்சோம்லா? அவரு மணியாச்சியில எறங்கி வண்டி மாறணும். மாறல. தூங்கிட்டாராம்!

— ஐயோ.

— கண்ண முழிச்சா திருநெல்வேலி ஜங்ஷன். அங்கன இருந்து தந்தி குடுத்திருக்காரு. அலைச்சல்ல ஒடம்பு முடியலயாம், அடுத்த வண்டியில ஊருக்குத் திரும்புதாராம்.

— தூங்குறதுக்கா அவருக்கு அத்தன தடவ எழுதிக் கூப்பிட்டோம்! மதர் என்ன சொன்னாவ? அதச் சொல்லு மொதல்ல. ஒரு பெரிய மனுசர் தலைமை தாங்குனாத்தான் பிள்ளைகளப் பேச விடுவேன்னு சொல்லித்தான அவிய ஹாலே குடுத்தாவ.

— அதத்தான் சொன்னாவ. 'தலைவர் இல்லாம எந்த ஊர்ல கூட்டம் நடக்குது? வந்தவங்களுக்குக் காப்பி குடுத்து மரியாதையா அனுப்பிடுங்க'ன்னுட்டாவ. மொதல்ல பேச இருந்த கிரேசிக்கு அழுகையே வந்துட்டு. மத்த பிள்ளைக எல்லாம் என்னையப் பாக்கு. ஒனக்குத் தெரியும்லா, மொத வருசம் கிளாஸ்ல எந்திரிச்சு ஒரு பதில் சொன்னேன். கீழவைப்பார் கடக்கரப் பேச்சுன்னு அத்தன பேரும் சிரிச்சாளுவ. அன்னைக்கு மூடுன வாயி.

— தெரியும். அதனாலதான் ஒன்னைய நாற்காலி தூக்கிப் போடுற வேலைக்கு மட்டும் வச்சேன். மேட நிர்வாகத்த நானே பாக்கலாம்னு இருந்தேன். சரி, என்ன செஞ்ச?

— நாற்காலியத்தான் பாத்தேன்.

— வெளயாடாத.

— மாதா மேல சத்தியமா. மேடை நடுவுல மால போட்டு அந்தத் தலைவர் நாற்காலி சும்மா கெடக்கு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். தன்னால வாயி தொறந்துட்டு. 'மதர், அது காலியாவே கெடக்கட்டும். பேசி முடிச்சவ போயி அதுல உக்காரட்டும். அடுத்துப் பேசுதவளுக்கு அவதான் தலைவர். அவ எந்திரிச்சு எடம் விட்டா அதுக்கு அடுத்தவ'ன்னு சொல்லிட்டேன்.

— நீயா? மதர்கிட்டயா?

— நாந்தான். மதர் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ. 'அப்ப மொதல்ல பேசுற பொண்ணுக்கு யாரு தலைவர்?'னு கேட்டாவ.

— சரியான கேள்வி. என்னன்னு சொன்ன?

— 'கேக்க வந்த சனந்தான் மதர்'னேன்.

— ஏளா கிளாடிஸ்! எனக்கு இது தோணியிருக்காதுளா. சத்தியமாத் தோணியிருக்காது. நானா இருந்தா ஊருக்குள்ள ஓடி ஏதாவது வக்கீலப் பிடிச்சுட்டு வந்து உக்கார வச்சிருப்பேன்.

— மதர் எந்திரிச்சாவ. விறுவிறுன்னு ஹாலுக்குள்ள போனாவ. சனத்தோட சனமா ஒரு பெஞ்சுல உக்காந்தாவ. 'ஆரம்பிங்க'ன்னாவ.

— கூட்டம் இருந்துச்சா? மொதல்ல அதச் சொல்லு.

— ஹால் கொள்ளல. வராந்தாவுலயும் நின்னாவ. புது ஹார்பர்ல இருந்து ஆபீசர்மாரு வந்திருந்தாவ. தருவைகுளத்துல இருந்தும் வேம்பார்ல இருந்தும் ஆளு வந்திருந்துச்சு. எங்க ஊர் பங்குச் சாமியாரு வந்தாரு. எங்கம்மையும் சித்திமாரும் மொத வரிசையிலயே எடம் பிடிச்சு உக்காந்துட்டாவ. பின்னால பூராவும் பையமாரு. எந்தக் காலேஜோ, பாதிப் பேரு கேலி பண்ணதான் வந்திருக்கான். நான் மைக்க எடுத்ததும் ஒருத்தன் விசில் அடிச்சான். இன்னொருத்தன் என்னைய மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டுதான்.

— அடப்பாவி. நீ அழுதிருப்பியே.

— அழுகத்தான் வந்துச்சு. எங்கம்மைய ஒரு தடவ பாத்தேன். அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு எந்திரிச்சுத் திரும்பி அவனப் பாத்தா பாரு. மீன் ஏலத்துல எடை குறைச்சவனப் பாப்பாளே, அந்தப் பார்வ. பய உக்காந்துட்டான். நான் எங்க ஊர்ப் பேச்சுலயே சொன்னேன். 'இங்கன யாரும் பேப்பரப் பாத்து வாசிக்க மாட்டாவ. ஒரு ஆளு, ஒரு யோசன. அது நல்லதா இல்லியான்னு நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. மொதல்ல கிரேசி'ன்னேன்.

— கிரேசி உப்பளம் பத்தித்தான பேசுனா?

— ஆமா. உப்பளத்துல வேல செய்யுத பொம்பளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி குடுக்கணும்னு ஆரம்பிச்சா. அவ்வளவுதான். ஹாலே சிரிச்சுச்சு. 'எங்காத்தாவுக்கும் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கிக் குடு தாயி, சினிமாவுல சேந்துருவா'ன்னு பின்னால ஒருத்தன் கத்துதான். போச்சு, மொதல் பேச்சே போச்சுன்னு நெனச்சேன்.

— பொறவு?

— பொறவு அவ நேரா மேடை ஓரத்துக்குப் போனா. நாடகத்துக்குப் போடுத பெரிய லைட்டு ஒண்ணு அங்கன நின்னுச்சுல்லா? அதத் திருப்புன்னு எங்கிட்டச் சொன்னா. நேரா அந்தப் பையமாரு மூஞ்சிக்கு. 'அண்ணாச்சிமாரே, நான் பேசி முடிக்க வரைக்கும் இத மட்டும் பாத்துக்கிட்டே இருங்க'ன்னா. அவனுவளும் வீம்புக்குப் பாத்தானுவ. இவ பாட்டுக்குப் பேசுதா. வெள்ளையா உப்பு, மேல வெயிலு, கீழ இருந்தும் வெயிலு, எங்கம்மைக்குச் சாயங்காலம் ஆனா வீட்டு வாசல் தெரியாதுன்னு சொல்லுதா. கொஞ்ச நேரத்துல பையமாருக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது. ஒருத்தன் மூஞ்சிய மறைக்கக் கையத் தூக்குனான்.

— ம்.

— 'கைய எறக்குங்க அண்ணாச்சி. எங்கம்மைக்கு மூஞ்சிய மறைக்க முடியாது. ரெண்டு கையிலயும் உப்பு வாருத பலக இருக்கும்'னா.

— ஐயோ கிரேசி!

— லைட்ட அணைச்ச ஒடனே மொதல்ல எந்திரிச்சுக் கையத் தட்டுனது யாரு தெரியுமா? அந்தக் கூலிங்கிளாஸ் பயதான். கண்ணு ரெண்டும் செவந்து போயி நின்னு தட்டுதான்.

— அதான் அந்தப் பெரிய சத்தம். நான் ஏதோ சண்டைன்னு பயந்துட்டேன்.

— கிரேசி போயி நாற்காலியில உக்காந்தா. அவ உக்காந்த உக்காருக்கு எந்த புரொபசர் ஈடு? அவ தலைமையில அருணாசலவடிவு பேசுனா. கணக்குன்னா ஓடுத பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுக்கணும்னு சொல்லி, ஹார்பர் ஆபீசர் ஒருத்தர மேடைக்குக் கூப்பிட்டா. ஆட வச்சுத் தோக்கடிச்சுட்டா. அந்த மனுசன் சிரிச்சுச் சிரிச்சுக் கீழ விழப் போனாரு. பொறவு சண்முகவடிவு. பொறவு...

— கிளாடிஸ்.

— என்ன?

— எல்லாரையும் சொல்லுத. கடேசிப் பேச்சு என்னோடது. அத யாரு பேசுனா?

— மேட்ரன் எங்க, இன்னும் காணல?

— நான்தான் படுத்துட்டேன், சரி. ஒனக்கு அது தலகீழாத் தெரியும். நானும் நீயும் சேந்துதான ஊர் ஊரா சைக்கிள்ல போனோம். நீ பேசுனியா?

— மதர் என்னையத்தான் பேசச் சொன்னாவ.

— பேசுனியா?

— இல்ல. மாட்டேன்னுட்டேன்.

— என்னது?

— அது என் யோசன இல்லளா.

— ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? யாரு யோசனையா இருந்தா என்ன? ஹார்பர்ல புயல் கூண்டு ஏறுனா கடக்கர ஊருக எல்லாத்துலயும் ஒடனே கோயில் மணி அடிக்கணும். போன் இருக்க ஊருக்குப் போன், போன் இல்லாத ஊருக்கு அடுத்த ஊர்ல இருந்து சைக்கிள். இவ்வளவுதான சொல்லணும்? கூண்டு ஏத்துத ஆபீசரும் மணிக் கயித்தப் பிடிச்சிருக்க சாமியாரும் ஒரே ஹால்ல உக்காரணும்னுதான நான் இந்தக் கூட்டத்தையே கூட்டுனேன்!

— தெரியும்.

— தெரியுமா? ஒங்க அண்ணன் மனுவேல் கடலுக்குப் போயித் திரும்பாத அன்னைக்கு இங்கன கூண்டு ஏறித்தான் இருந்துச்சு. ஒங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அத நீ எங்கிட்டச் சொன்ன அன்னைக்குத் தொடங்குனதுளா இது. நான் சாத்தான்குளத்துக்காரி, எனக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? ஒனக்காகத்தான யோசிச்சேன். ஒங்கம்மை மொத வரிசையில உக்காந்திருக்கா, நீ வாய மூடிக்கிட்டு எறங்கி வந்திருக்க!

— நான் பேசுனா என்ன ஆவும்னு சொல்லட்டா? மனுவேலு தங்கச்சி பேசுதான்னு எங்கம்மை அழுவா. சித்திமாரு அழுவாவ. ஹாலே அழும். பாவம்னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாவ. ஆபீசர் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டா நானும் அழுதுருவேன். நீன்னா அழ மாட்டே. எந்த ஊர்ல போன் இருக்கு, மழ பெஞ்சா எந்தப் பாதையில சைக்கிள் போவாது, எல்லாத்துக்கும் ஒங்கிட்ட பதில் இருக்கு. இத ஒன் வாயால கேட்டாத்தான் அவிய சரின்னு சொல்லுவாவ.

— அதான் நான் இங்கன கெடக்கேனே! வாசலத் தாண்ட விடுவாங்களா? கூட்டம் முடிஞ்சாச்சு. இனி அவிய அத்தன பேரையும் எந்தக் காலத்துல ஒரே எடத்துல உக்கார வைக்க? அடுத்த கூண்டு ஏறும். ஒங்க ஊர்ல வலையத் தூக்கிட்டு எறங்குவாவ. போளா. என் கண்ணு முன்னால நிக்காத.

— என்னைய எவ்வளவு வேணும்னாலும் ஏசு. மேடையில நான் என்ன சொன்னேன்னு மட்டும் கேட்டுக்கோ.

— ஒண்ணும் கேக்க வேண்டாம்.

— 'இந்த யோசனக்காரிக்கு அம்மை போட்டிருக்கு. அவ இங்கன வர முடியாது. வேற யாரும் இதச் சொன்னா சரியா இருக்காது. அதனால எல்லாரும் ஒரு காப்பி குடிச்சுட்டு இருங்க'ன்னேன்.

— இருங்கன்னா? எதுக்கு இருக்கணும்?

— தள்ளு பிள்ள, தள்ளு தள்ளு! ஹால்ல இருந்து இங்கன வரைக்கும் வேப்ப மரத்துக் கொப்புல வயரு மாட்டி, நான் ஏணியப் பிடிச்சு, இந்த வயசுல என்னைய ரேடியோ செட்டுக்காரனுக்குக் கையாளா ஆக்கிட்டீங்க. ஏ ஜெபகனி, போர்வய நல்லாப் போத்திக்கோ. கட்டில்ல இருந்து எறங்காத. சன்னல் ஓரத்துல சாஞ்சு உக்காரு.

— மேட்ரன், ஒங்க கையில என்ன அது? எதுக்கு இவ்வளவு நீள வயரு? கிளாடிஸ், என்னளா நடக்கு?

— ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலளா. ஆபீசரு, சாமியாரு, எங்கம்மை, அந்தப் பையமாரு, அத்தன பேரும் ஒனக்காக உக்காந்திருக்காவ. இந்தா, மைக்க இறுக்கிப் பிடி, பேசு!