நீலக் கறையின் ஊற்றைத் தேடிய மணிமொழி அம்மாவுக்கு

விமானத்தின் நாடி அறிந்த நல்லவரே! கண்ணால் காணாததற்குக் கையொப்பமிட மறுத்த கண்ணியரே! களமருதூர் ஓடுதளத்தின் தலைமைப் பராமரிப்புப் பொறியாளர் மணிமொழி அம்மையீர், வணக்கம்!

தங்கள் பணிநிறைவும் நம் விமானப் பயிற்சிப் பள்ளியின் மூடலும் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. அதனால் இந்த மடலில் மகிழ்ச்சி குறைவு. பொறுத்தருளுங்கள்.

தங்கள் நீண்ட பணியில் பாராட்ட எத்தனையோ உண்டு. நாங்கள் பேச விரும்புவது ஒரு கசிவைப் பற்றி மட்டுமே.

நலிந்துவந்த பள்ளியில் மிஞ்சியிருந்த ஒரே விமானத்தின் இன்ஜின் மூடியில் ஒரு நாள் காலை விரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை இருந்தது. விமானப் பெட்ரோலின் நிறம் அது. மிஞ்சியிருந்த ஒரே மாணவி ஜெயசுதா அன்றுதான் சின்னசேலம் தாண்டி, கல்வராயன் மலையைக் கடந்து, தனியாகப் பறந்து திரும்ப வேண்டும். மேல்பயிற்சியில் சேர அந்த ஒரு பறத்தல்தான் பாக்கி. அதில் சேர்வதற்கான கடைசி நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாலு சொட்டுக்கா என் பொழப்ப நிறுத்துறீங்க?" என்று அவர் அழுதார்.

"மலை மேல இன்ஜின் நின்னுச்சின்னா எங்கம்மா எறக்குவ? அங்க வயலா கீது?" என்றீர்கள். பறக்க அனுமதி தரவில்லை.

கறை கார்புரேட்டருக்கு நேர் கீழே இருந்ததால் முதலில் அதையே சந்தேகித்தீர்கள். அதன் இணைப்பில் கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கெட் வரக் காத்திருந்து மாற்றினோம். மறுநாளும் கறை. "தப்பா பாத்துட்டேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். நிர்வாகம் கடுமையாகப் பேசியது. நாங்களும் தங்கள் முதுகுக்குப் பின்னால் குறை பேசினோம்.

பிறகு இன்ஜினைக் கழுவி, உலர்த்தி, குழாய்கள் மீதெல்லாம் முகப்பவுடர் தூவச் சொன்னீர்கள்.

"இன்னாம்மா, இன்ஜினுக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் மெக்கானிக் ராசு.

"வந்தா நீ காபி எடுத்துக்கினு வா" என்றீர்கள். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

நின்ற இன்ஜினில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தபோது, எரிபொருள் குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளாம்ப்பின் அடியிலிருந்து நூல்போல நீலக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. கிளாம்ப்பின் ரப்பர் தேய்ந்து, அதன் இரும்பு விளிம்பு குழாயை அராவி, குழாயில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. அதிரும்போது மட்டும் அது திறந்தது. கசிந்த பெட்ரோல் குழாயோடு வழிந்து, கார்புரேட்டர் அடியில் வந்து சொட்டியது.

புதுக் குழாய் வருவதற்குள் ஜெயசுதா மேல்பயிற்சியில் சேர்வதற்கான கடைசி நாள் கடந்துவிட்டது; அவரும் பள்ளியை விட்டு விலகினார். மாணவர் இல்லாத பள்ளியை நிர்வாகம் மூட முடிவு செய்தது. பழுது நீங்கிய விமானத்தை இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஜெயசுதா இப்போது சின்னசேலத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறார்.

அந்த விரிசல் மலைக்கு மேலே பெரிதாகியிருக்குமா, ஆகியிருக்காதா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தெரியாது என்பதால்தான் தாங்கள் மறுத்தீர்கள். தங்களைப் பாராட்ட எங்களுக்கு வேறு காரணம் வேண்டாம்.

தங்கள் பணிநிறைவுக்காக நாங்கள் எடுக்கும் இவ்விழாவுக்கு ஜெயசுதாவைத் தொலைபேசியில் அழைத்தோம். "வரமாட்டேன்க்கா. அவங்க மூஞ்சில முழிக்கவே மாட்டேன். கடையில ஆளுங்க நிக்கிறாங்க, வைங்க" என்றார். இதை மறைத்துத் தங்களுக்கு மாலையிட எங்களுக்கு மனம் வரவில்லை.

கோபப்பட அவர் உயிரோடு இருக்கிறார், அம்மா. அவர் நெடுங்காலம் வாழ்ந்து தங்களைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும்! தாங்களும் நோயின்றி நெடுங்காலம் வாழ்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்!

என்றும் தங்கள் அன்பில்,
ராசு, சிவசங்கர், காசியம்மாள், ரம்யா
மற்றும் ஓடுதளப் பணியாளர்கள்
களமருதூர்