களிமண் அடைத்த மாமரம்

மரத்தூளைப் பெருக்குவது ஒன்றும் பெரிய வேலையில்லை, சார். ஆனால் அன்று காலை ரோடு இன்ஸ்பெக்டரின் ஜீப் செய்யூர் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. நான் இன்னும் மாமரத்தடியில் குனிந்து, தூளை வாரிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தேன். அடிமரத்துத் துளைகளில் களிமண் அப்பி, மேலே சாணி பூசியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று சுற்றினார். "மரம் நல்லா இருக்கா, சின்னராசு?"

"இரும்பு, சார்."

போய்விட்டார்.

பூச்சி அரித்தது தெரிந்தால் மரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அதனடியில் இருக்கும் என் பஞ்சர் கடையும் போகும். புறம்போக்கு இடம். கடைக்குப் பின்னால் கட்டிய தார்ப்பாய்தான் என் வீடு. ஐம்பத்தெட்டு வயதில் நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன், மரத்தில் அந்த வண்டை முதலில் பார்த்தவள் எல்லம்மாள். என் கடைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து அவித்த கடலை விற்பவள். வண்டு விரல் நீளம். அதன் கொம்புகள் அதைவிட நீளம். பிடித்தால் கிரீச்சிடும்.

"இன்னாண்ணா இது, உன் சைக்கிள் பிரேக்காட்டம் கத்துது?" என்று என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

இதன் புழுதான் உள்ளேயிருந்து மரத்தைத் தின்கிறது. துளைக்குள் பிரேக் கம்பியை விட்டு, புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமன். வந்துகொண்டே இருந்தன. புழுவை எடுத்து, மருந்துப் பஞ்சு வைத்து, அப்புறம்தான் துளையை மூட வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து நான் மூட மட்டும் செய்தேன். வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

ஜீப் போனதும் காற்று எழுந்தது. எல்லம்மாள் கூடையோடு வந்தாள்.

"மழை வரும் போல கீது. கொஞ்சம் எடம் குடு அண்ணாத்த. எங்க உன் கம்ப்ரசரு?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அப்ப அது இருந்த எடத்துல நான் குந்திக்கிறேன். நானும் அதாட்டம் சத்தம் போட்டுகினுதான கீறேன்."

அந்த இடத்தையும் பெருக்கிக் கொடுத்தேன். பிறகு எதிரே டீ குடிக்கப் போனேன்.

பத்தேகால் மணிக்கு மரம் அடியோடு முறிந்து கடைமேல் விழுந்தது. அவளை வெளியே எடுத்தபோது உயிரில்லை. காற்றுதான் என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படித்தான் நம்புகிறேன். யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை நான்.

நீங்கள் கேட்டது கம்ப்ரசரைப் பற்றி. அது ரிப்பேருக்குப் போகவில்லை. விடியும்போதே மரத்துக்குள் நார் நாராக முறிகிற சத்தம் கேட்டது. எழுந்ததும் முதல் வேலையாக அதை ரோட்டுக்கு அந்தப்பக்கம் உருட்டிப் போய், டீக்கடைக்குப் பின்னால் விட்டேன். வந்துதான் பெருக்க ஆரம்பித்தேன்.

அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை, சார்.