சாலமன் வாத்தியாரின் கார்ட்டூன் படம்

யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருவது என் பழக்கம். காரைக்குடியில் எங்கள் அரசு அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், முத்தரசு முகம் சுளித்தான் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

கல்லல் சாலமன் வாத்தியாருக்கும் அப்படித்தான். எழுபதுகளில் எங்கள் துறைக்காகத் தன் கையால் வரைந்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்தவர். ஒருவன் தண்ணீர் இறைக்க இயந்திரம் கண்டுபிடிக்கிறான். அனுமதி கேட்டு மேசை மேசையாக அலைகிறான். ஒவ்வோர் அதிகாரியும் ஒரு பாகத்தைக் கழற்றச் சொல்ல, கடைசியில் அது அதிகாரி உட்காரும் நாற்காலியாகிவிடுகிறது. மேலே இருந்தவர்களுக்குக் கோபம் வந்து, படத்தை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். வரைந்தவர் அதைத் திரையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஸ்டோர் பொறுப்புக்கு வந்த புதிதில் நான் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்த முகமெல்லாம் எங்கள் முகம்.

போன வருடம் அவர் மகள் மரிய அனிதா அவரைக் கைபிடித்து அழைத்து வந்தாள்.

"அப்பாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது சார். இனிமே திரும்பாதுன்னு மதுரையில சொல்லிட்டாக. முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை போட்டுக் காட்டிருங்க."

"அதுக்கென்ன ஐயா, தேடி வைக்கிறேன். அடுத்த வாரம் வாரீகளா?" என்றேன்.

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவன் காரியத்தைச் செய்யாமல் விடுவான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. அவரும் நம்பினார். வந்தார். மேலதிகாரி கேம்ப் போயிருக்கிறார் என்றேன். மறுபடி வந்தார். புரொஜெக்டருக்கு பல்ப் இல்லை என்றேன். படிக்கட்டைக் காலால் தடவித் தடவி அவர் ஏறத் தொடங்கியதையும் கவனித்தேன். படப்பெட்டி என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலேயிருந்து திட்டு, எதிரேயிருந்து சாபம் என்று வாங்கி வாங்கி அலுத்துப்போன மனிதன் நான். எங்களைப் பார்த்து ஊர் சிரிக்க வரைந்தவர், அந்தப் படத்தில் வருகிறவனைப் போலவே என் முன்னால் வந்து நின்றது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, பார்வை முழுதும் போய்விட்டது என்று அனிதா போனில் அழுதாள். அன்றைக்கே பெட்டியை எடுத்துத் துடைத்தேன். ஹால் பிடித்தேன். அவருக்குச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஊமைப்படம். புரொஜெக்டர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

"ஆரம்பிச்சிருச்சா தம்பி?" என்று கேட்டார்.

"ஓடுது ஐயா. நல்லாத் தெரியுது" என்றேன்.

வேண்டுமென்றே செய்தேன் என்று அனிதா புகார் எழுதியிருக்கிறாள். வேண்டுமென்றேதான் செய்தேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனிதரிடம் முடியாது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.