எண்பத்திரண்டு எடுத்த கம்பெனி

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வித்துரா போகும் பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் சீட்டில் அப்பாவும் மகளும். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மகளுக்குப் பங்குத்தரகு அலுவலகத்தில் வேலை என்று பேச்சிலிருந்தே தெரிந்தது.

“எண்பத்திரண்டு எடுத்த கம்பெனிய எப்படிடீ மோசம்ங்கறே?”

“அது மார்க் இல்லேப்பா, ஆர்.எஸ்.ஐ. விலை எத்தனை வேகமா ஏறியிருக்குன்னு காட்டற நம்பர். எழுபதைத் தாண்டினா, அளவுக்கு மேல ஏறியாச்சு, இனி இறங்கலாம்னு உஷாராகணும். நீங்க அது எண்பத்திரண்டுல நின்ன அன்னிக்குன்னு பார்த்துப் பென்ஷன் பணத்தைப் போட்டிருக்கேள்.”

“அப்போ இருபத்திநாலு எடுத்தது நல்ல கம்பெனியா?”

“முப்பதுக்குக் கீழே போனா திரும்ப ஏற சான்ஸ் உண்டு.”

“இதென்ன பரீட்சை. இருபத்திநாலுக்கு நான் ஒருத்தனுக்கும் பாஸ் போட்டதில்லே, கேட்டியா.”

“நாள் பூரா அந்த சார்ட்டைத்தான் பார்த்துண்டிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“உன்கிட்ட எப்படிக் கேக்கறது? ப்ளஸ் டூ கணக்குல நீ எழுபதாக்கும் எடுத்தே.”

பஸ்ஸில் பாதி சீட் காலி. மகள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.